குடுவுக்கு .243 போதுமா? லைசன்ஸ் ஒன்று, ரைஃபிள் எது?

ஆடிக் கூழ் ஊற்றி முடித்த கையோடு என் தொலைபேசி அலறத் தொடங்கிவிடும். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நேட்டாலில், டொங்காட்டிலும் சாட்ஸ்வொர்த்திலும் இருந்து வேட்டைக்குப் போகிற நம் ஆட்களுக்கு நாட்காட்டி கொஞ்சம் நெருக்கடியானது. குளிர்காலத்தில்தான் வேட்டை. அதன் நடுவில் ஆடி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆடி போனால் புரட்டாசிக்கு ஒரு மாதம்தான் மிச்சம். அந்த இடைவெளியில் வடக்கே முக்கூஸே பக்கம் ஒருமுறை போய்வந்து, கொண்டுவந்த கறியைச் சொந்தபந்தங்களுக்குப் பங்கிட்டு, விரதம் தொடங்குவதற்குள் ஃப்ரீசரையும் காலி செய்தாக வேண்டும்.

இந்த ஆண்டு மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். என் அக்கா மகனிடம் ஏற்கெனவே ஒரு .223 ரைஃபிள் இருக்கிறது (இந்த எண்தான் காலிபர், ஏறக்குறைய குண்டின் விட்டம் அங்குலத்தில்). "மாமா, இதையே வைத்துக்கொண்டு குடு சுட முடியாதா? இன்னொன்று எதற்கு?" என்கிறான். குடு என்பது இங்குள்ள பெரிய மான். சாட்ஸ்வொர்த்தில் ஆசிரியராக இருக்கும் நண்பர் தானும் மனைவியும் சேர்ந்து சுடுவதற்கு ஒரே ரைஃபிள் தேடுகிறார். கடைக்காரர் .243 என்கிறார், மைத்துனர் .308 என்கிறார். மூன்றாமவருக்குத் தோளில் அறுவை நடந்திருக்கிறது. உதைக்கிற துப்பாக்கி வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம், ஆனால் ஆசையெல்லாம் வில்டபீஸ்ட் (மாடு போன்ற பெரிய மான்) மேல்.

சின்னத் தோட்டா பெரிய மிருகத்தைக் கொல்லுமா என்று கேட்டால், கொல்லும். ஆனையையே கொன்றிருக்கிறது, அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். எனவே அந்தக் கேள்வியால் யாருக்கும் பிரயோசனமில்லை. குறி நாலு விரல் தள்ளிப் போனால் அந்தத் தோட்டா என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், காசும் கட்டி, முன்னால் நிற்கிற மிருகத்தைச் "சரியாக நிற்கவில்லை" என்று விட்டுவிட்டு வர உங்களால் முடியுமா என்றும் கேட்க வேண்டும். சின்ன ரைஃபிளின் உண்மையான விலை அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. அது கடையில் தொங்கும் சீட்டில் எழுதப்படுவதில்லை.

எதை வைத்து அளப்பது

முதலாவது, குண்டு எவ்வளவு ஆழம் போகிறது. நம் ஊர் மான்களுக்கு இதயம் நெஞ்சின் அடியில், முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. முன்னங்காலின் நேர்மேலே, நெஞ்சடியிலிருந்து உடம்பின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைக்க வேண்டும். அந்த இடத்துக்கு முன்னால் தோள் எலும்பு நிற்கும். இம்பாலாவுக்கு அது விரல் கனம், ஈலண்டுக்கு அது தூண். குண்டின் எடையை அதன் விட்டத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒல்லியாக நீளமாக இருக்கும் குண்டு ஆழம் போகும், குட்டையானது சீக்கிரம் நின்றுவிடும். அதனால்தான் காலிபர் எண் மட்டும் எதையும் சொல்வதில்லை.

இரண்டாவது, மறுபக்கம் ஓட்டை விழுகிறதா. சுட்ட இடத்திலேயே மிருகம் விழுவது அபூர்வம். இதயத்தில் பட்டாலும் நூறு மீட்டர் ஓடும். முள்காட்டில் அந்த நூறு மீட்டரைக் கண்டுபிடிக்கச் சிந்திய ரத்தம் வேண்டும். குண்டு உள்ளேயே தங்கிவிட்டால், உள்ளே போன சின்ன ஓட்டையைத் தோலும் கொழுப்பும் மூடிக்கொள்ளும். உள்ளே குடம் குடமாகக் கொட்டினாலும் தரையில் ஒரு சொட்டு இருக்காது.

மூன்றாவது, உங்கள் தோள். இதைச் சொல்லத்தான் ஆண்களுக்கு வெட்கம். விசையை அழுத்தும் நொடியில் கண்ணை மூடுகிறவர் கையில் எந்தக் காலிபரும் சின்னதுதான்.

நான்காவது, சட்டம். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் எல்லாவற்றுக்கும் எல்லை போட்டிருக்கிறது. முதலில் தகுதிச் சான்றிதழ், பிறகு சுவரில் பதித்த தரமான பெட்டகம், அதன் பிறகே லைசன்ஸ். எப்போதாவது வேட்டைக்குப் போகிறவருக்கு அதிகபட்சம் நான்கு துப்பாக்கி. வீட்டில் தற்காப்புக்கென்று ஒன்று இருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அங்கீகரித்த சங்கத்தில் சேர்ந்து அர்ப்பணிப்பு வேட்டைக்காரர் தகுதி வாங்கினால் இந்த வரம்புகள் தளரும், ஆனால் அதற்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். ஆக, தவறான ரைஃபிளை வாங்கினால் காசு மட்டுமா போகும்? ஒரு இடமும் போகும், காத்திருந்த மாதங்களும் போகும்.

கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்களின் அளவுகளைக் கீழே தருகிறேன். முகப்பு என்றால் குண்டு வெளியேறும் குழல்வாய். குழலின் நீளத்தையும் தோட்டாவின் தயாரிப்பையும் பொறுத்து எண்கள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

| தோட்டா | குண்டின் எடை | முகப்பு வேகம் | முகப்பு ஆற்றல் | உதை |
|---|---|---|---|---|
| .223 | 55 கிரெயின் (3.6 கிராம்) | நொடிக்கு 988 மீ | 1740 ஜூல் | இல்லை என்றே சொல்லலாம் |
| .243 | 100 கிரெயின் (6.5 கிராம்) | 902 மீ | 2640 ஜூல் | மெல்லியது |
| 7×57 மவுசர் | 140 கிரெயின் (9.1 கிராம்) | 811 மீ | 2980 ஜூல் | நடுத்தரம் |
| 6.5 கிரீட்மூர் | 140 கிரெயின் (9.1 கிராம்) | 823 மீ | 3070 ஜூல் | நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழே |
| .308 | 180 கிரெயின் (11.7 கிராம்) | 799 மீ | 3720 ஜூல் | .243 போல ஏறக்குறைய இரண்டு மடங்கு |
| .375 | 300 கிரெயின் (19.4 கிராம்) | 771 மீ | 5780 ஜூல் | மறக்க மாட்டீர்கள் |

இந்த எண்களுக்கு அர்த்தம் வேண்டுமென்றால் நமீபியாவின் விதியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே ஸ்பிரிங்பாக் அளவு மான்களுக்குக் குறைந்தது 1350 ஜூல் முகப்பு ஆற்றல் வேண்டும். குடு, வில்டபீஸ்ட், ஈலண்ட் வகைக்கு 2700. எருமைக்கும் ஆனைக்கும் 5400. இது நம் குவாசூலு-நேட்டாலுக்கான சட்டமில்லை, ஆனாலும் வேட்டையையே பிழைப்பாகக் கொண்ட ஒரு நாடு போட்ட கோடு. .243 அந்த இரண்டாவது கோட்டுக்கு அறுபது ஜூல் கீழே நிற்பதைக் கவனியுங்கள். அறுபது ஜூல் என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் .243 பற்றிய சண்டையெல்லாம் அந்த ஒன்றுமில்லாததில்தான் நடக்கிறது.

.223: இருப்பதையே வைத்துக்கொள்வது

அக்கா மகனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். குள்ளநரிக்கும் காகிதக் குறிக்கும் இதைவிட நல்ல தோட்டா கிடையாது. மலிவு, உதை கிடையாது, நாள் முழுக்கச் சுடலாம். சுடக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இம்பாலாவா? நூறு மீட்டருக்குள், பக்கவாட்டில் நின்றால், நல்ல குண்டு போட்டால் சுடலாம். ஆனால் கடையில் மலிவாக அடுக்கிவைத்திருக்கும் 55 கிரெயின் மென்முனைக் குண்டுகளில் (பட்டதும் விரியும் ஈய முனை கொண்டவை) பல நரிக்காகச் செய்தவை. தோலுக்குள் இரண்டு அங்குலம் போனதும் சிதறும். நரியில் அது நன்மை, மான் தோளில் அது அநியாயம். அகலமான புண்ணைப் போட்டுவிட்டு நுரையீரலைத் தொடாமலே நின்றுவிடும்.

கனமான குண்டு போடலாமே என்பீர்கள். இங்கே ஒரு ஒளிந்திருக்கும் செலவு. பழைய .223 குழல்கள் பலவற்றில் உள்திருகு, அதாவது குண்டைச் சுழற்றும் சுருள் பள்ளம், பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான கனக் குண்டை அது நிலையாகச் சுழற்றாது, குண்டு குறித்தாளில் பக்கவாட்டில் போய் விழும். எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும் குழலில்தான் 70 கிரெயினுக்கு மேல் ஒழுங்காகப் போகும். அக்கா மகனுடையது பழைய குழல். பேச்சு அங்கேயே முடிந்தது.

குடுவுக்கு .223 வேண்டாம். இதில் எனக்கு "ஆனால்" எதுவும் இல்லை. தலையில் சுட்டால் போதுமே என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: குடுவின் மூளை கைமுட்டி அளவு, அந்தத் தலை ஓயாமல் அசையும், தவறினால் தாடை போகும். தாடை போன மான் ஓடிப்போய், பல நாள் பட்டினி கிடந்து சாகும்.

.243: எல்லோரும் வாங்க நினைப்பது

1955-இல் வந்தது. .308 தோட்டாவின் வெடிமருந்துக் கூட்டை எடுத்துக் கழுத்தை ஒடுக்கினால் .243. அதே மருந்துக்கிட்டங்கி, மெலிந்த குண்டு. அதனால் வேகம் அதிகம், பாதை தட்டை, உதை பாதி. கரூ என்னும் வறண்ட வெட்டவெளியில் முந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் ஸ்பிரிங்பாக்குக்கும், ஃப்ரீ ஸ்டேட் சமவெளியில் பிளெஸ்பாக்குக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். முள்காட்டில் இம்பாலா, வார்தாக் பன்றி, புஷ்பக் எல்லாம் இதற்குள் அடக்கம். நியாலாக் கிடா நூறு கிலோவைத் தாண்டும், அதுவரைக்கும் நான் தயங்க மாட்டேன்.

தயக்கம் தொடங்குவது அதற்கு மேல். குடுக் கிடா இருநூற்றைம்பது கிலோ வரை வரும், வில்டபீஸ்ட் காளையும் அதே எடை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. குடு உயரமானது, ஒல்லி விலா, எடைக்கு மென்மையான உயிர். வில்டபீஸ்டை ஏழையின் எருமை என்று இங்கே சும்மா சொல்லவில்லை. பிடரி மயிரும் முதுகுத் திமிலும் சேர்ந்து உடம்பை உயரமாகக் காட்டும். புதிதாகப் போகிறவர்கள் எல்லோரும் மேலே சுடுவார்கள். நானும் சுட்டேன்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், நான் .243-ஐ விற்றதற்குக் காரணமே அதுதான். நூற்றெண்பது மீட்டர். காளை என் பக்கம் சாய்வாகத் திரும்பி நின்றது. "பொறுங்கள், திரும்பட்டும்" என்றார் தடம் பார்க்கும் சூலுப் பெரியவர். நான் பாபா என்று அழைக்கும் மனிதர், அதற்கு முன் நான் ஒருமுறைகூட அவர் பேச்சை மீறியதில்லை. அன்று மீறினேன். சூரியன் இறங்குகிறது, மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும், வெறுங்கையோடு போனால் வீட்டில் கிண்டல் வேறு. சுட்டேன். குண்டு தோள் மூட்டில் பட்ட சத்தம் நன்றாகக் கேட்டது. காளை மூன்று காலில் ஓடியது.

தரையில் ரத்தம் அரை உள்ளங்கை அளவு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பாபா இருட்டும்வரை குளம்புத் தடத்தை வைத்தே நடந்தார், விடிந்ததும் மறுபடி. காலை பத்து மணிக்குக் கண்டோம், உயிரோடு. இரண்டாவது தோட்டாவைப் பக்கத்தில் போய்ப் போட்டேன். தோலுரித்தபோது தெரிந்தது, முதல் குண்டு மூட்டெலும்பில் பட்டுத் துகளாகியிருந்தது. செம்பு உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். நெஞ்சுக்குள் ஒரு துண்டுகூடப் போகவில்லை. பாபா அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் என் கையில் வைத்தார். இன்னும் பெட்டகத்தில் வைத்திருக்கிறேன்.

அந்தக் காளை திரும்பும்வரை காத்திருந்தால் அதே .243 அதைக் கொன்றிருக்கும். .308 வைத்திருந்தால் என் அவசரத்தையும் மீறிக் குண்டு நெஞ்சுக்குள் போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். தவறு என்னுடையது. ஆனால் அவசரப்படுகிறவன் நான் என்று அன்று தெரிந்துகொண்டேன், அவசரப்படுகிறவனுக்கு இது ஏற்ற ரைஃபிள் இல்லை.

.243 வைத்திருக்கிறவர்களுக்கு: சாதாரண மென்முனையை விட்டுவிட்டு, முழுச் செம்பில் செய்த குண்டோ, உறையும் ஈயமும் பிணைந்த குண்டோ போடுங்கள். எலும்பில் உடையாது, எடை குறையாமல் உள்ளே போகும். ஒரு பெட்டியின் விலை வலிக்கும், ஆனால் வேட்டைக்கு ஆண்டுக்குப் பத்துத் தோட்டாதானே செலவாகிறது. செம்புக் குண்டில் இன்னொரு நன்மையும் உண்டு. ஈயத் துகள் கறியில் தங்காது. பிள்ளைகள் சாப்பிடும் வீட்டில் இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். காட்டில் போட்டுவிட்டு வரும் குடலைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும் நல்லது.

7×57, 6.5: நடுவில் நிற்கும் இரண்டு

நேட்டாலில் 7×57-ஐப் பற்றிப் பேசினால் வரலாறு தானாக வரும். 1899-இல் ஆங்கிலேயரோடு தொடங்கிய போரில் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) தோளில் கிடந்தது இந்த மவுசர்தான். கொலென்சோவிலும், 1900 ஜனவரியில் ஸ்பியோன் கொப்பிலும் காயம்பட்ட ஆங்கிலேயச் சிப்பாய்களைத் தூளியில் சுமந்தவர்கள் காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படையினர். ஏறக்குறைய ஆயிரத்து நூறு பேர், பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள், அவர்களில் தமிழர் பலர். அவர்கள் சுமந்த காயங்களைப் பற்றி அன்றைய மருத்துவர்கள் வியந்து எழுதினார்கள். மவுசர் குண்டு சுத்தமாகத் துளைத்துக்கொண்டு போய்விடுகிறது, நெஞ்சில் பட்டவனும் பிழைக்கிறான் என்று.

அந்தக் குண்டு முழு உறை போட்டது, விரியாது. அதே 7×57-இல் இன்று விரியும் குண்டு போட்டுச் சுட்டால் குடு நூறு மீட்டருக்குள் விழும். காலிபர் மாறவில்லை, குண்டின் மூக்கு மட்டும் மாறியது. காலிபரைப் பற்றி மணிக்கணக்காகச் சண்டைபோட்டுவிட்டுக் கடையில் கையில் கிடைத்த குண்டை வாங்கிவருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆனைக் கதையும் இந்தத் தோட்டாவினுடையது. ஸ்காட்லாந்துக்காரர் டபிள்யூ. டி. எம். பெல் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆனைகளைத் தந்தத்துக்காகச் சுட்டார், அவற்றில் பெரும்பாலானவற்றை 7×57-இல். சின்னத் துப்பாக்கிக்கு வாதாடுகிற ஒவ்வொருவரும் இந்தப் பெயரோடுதான் வருவார்கள். ஆனால் பெல் ஆனை மண்டையை ரம்பத்தால் அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். விரியாத, நீளமான 173 கிரெயின் குண்டு போட்டவர். மிக அருகில் போய்ச் சுட்டவர். அதுவே அவருக்குத் தினசரித் தொழில். ஆண்டுக்கு இரண்டு வார இறுதி போகிற நாம் அந்தக் கணக்கில் வர மாட்டோம். அண்டை ஜிம்பாப்வேயில் இன்று ஆனைக்கும் எருமைக்கும் குறைந்தது 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5300 ஜூலும் சட்டம். பெல்லின் ரைஃபிளோடு பெல்லே வந்தாலும் அனுமதி கிடைக்காது.

நடைமுறைக்கு வருகிறேன். 7×57-இன் பலம், 175 கிரெயின் நீளக் குண்டை மெதுவாக, ஆழமாகத் தள்ளுவது. முள்காட்டில் பெரும்பாலும் நூற்றைம்பது மீட்டருக்குள்தான் சுடுகிறோம், அங்கே இது கச்சிதம். மெதுவான குண்டு கறியையும் கெடுக்காது. வேகமான .243 தோளில் பட்டால் அந்தத் தோள் முழுக்க ரத்தம் கட்டிப் போகும். வீட்டில் மிளகாய்த்தூள் கறிக்குக் கேட்பது தோளைத்தானே! குறை என்னவென்றால், எல்லாக் கடையிலும் தோட்டா கிடைக்காது, கிடைத்தாலும் வகை குறைவு. வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவருக்கு இது பொக்கிஷம், மற்றவர்களுக்கு அலைச்சல்.

6.5 கிரீட்மூர் 2007-இல் வந்த பிள்ளை. குறிசுடும் போட்டிக்காகப் பிறந்து வேட்டைக்கு வந்தது. தோட்டா எளிதாகக் கிடைக்கிறது, காற்றில் கொஞ்சமாகவே விலகுகிறது. "அது புதுமோகம்" என்று கிழடுகள் நாங்கள் சொல்வோம். ஆனால் ஸ்வீடனில் நூறு ஆண்டுக்கும் மேலாக 6.5×55 கொண்டு மூஸ் சுடுகிறார்கள், மூஸ் என்பது நம் குடுவைவிடப் பெரியது. கிரீட்மூர் அதன் பங்காளி. அதே விட்டம், ஏறக்குறைய அதே எடை, அதே வேகம். தோளில் அறுவை நடந்தவருக்கு இதைத்தான் சொன்னேன். முனையில் ஒரு சைலன்சரும் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். நம் நாட்டில் அதற்குத் தனி லைசன்ஸ் தேவையில்லை, உதையும் கணிசமாகக் குறையும். வில்டபீஸ்டா? நல்ல குண்டு, நூற்றைம்பது மீட்டர், பக்கவாட்டு. இந்த மூன்றில் எது குறைந்தாலும் சுடக் கூடாது. தலையாட்டினார். காட்டில் எப்படி என்று பார்க்க வேண்டும்.

.308: சுவாரசியமில்லாத பதில்

இதைப் பற்றி எழுத அதிகமில்லை, அதுவே இதன் பெருமை. 1952-இலிருந்து இருக்கிறது. ஊருக்கு ஊர் தோட்டா கிடைக்கும், பண்ணையில் மறந்துவிட்டால் பண்ணைக்காரரிடமே இரண்டு கடன் வாங்கலாம். 150 கிரெயின் இம்பாலாவுக்கு, 180 கிரெயின் குடுவுக்கும் வில்டபீஸ்டுக்கும் வரிக்குதிரைக்கும். ஈலண்ட் காளை எழுநூறு, எண்ணூறு கிலோ வரும், அதற்குக்கூட நல்ல 180 கிரெயின் குண்டோடு அருகில் போகலாம். மேலே பட்டியலில் போடாத .30-06 இதற்கு அண்ணன், கொஞ்சம் வேகம் கூட, உதையும் கூட. தாத்தா விட்டுப்போன .303 இருந்தால் அதையும் ஒதுக்காதீர்கள், 180 கிரெயினில் முள்காட்டு வேலைக்குப் போதும்.

ஒளிந்திருக்கும் செலவு உதைதான். லேசான ரைஃபிள் நடக்கச் சுகம் என்று இரண்டே முக்கால் கிலோவில் .308 வாங்குகிறார்கள். குறிசுடும் மைதானத்தில் பத்துத் தோட்டாவுக்குள் கண் மூட ஆரம்பிக்கும், அந்தப் பழக்கம் எளிதில் போகாது. ஸ்கோப்போடு நாலு கிலோவுக்குக் குறையாமல் வாங்குங்கள்.

எதையும் வாங்காமல் இருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. லைசன்ஸ் வைத்திருப்பவரின் நேரடிக் கண்காணிப்பில் இன்னொருவர் அவருடைய துப்பாக்கியைச் சுடச் சட்டம் இடம் தருகிறது. பல பண்ணைகளில் சைலன்சரோடு கூடிய .308 வாடகைக்கே இருக்கிறது, குறி சரிபார்த்தது, அந்தக் காட்டுக்கு ஏற்ற குண்டோடு. ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் எதற்காகப் பெட்டகம் வாங்கி, பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டும்? .223-ஐ வைத்துக் கற்றுக்கொண்டு, குடு வேண்டிய நாளில் வாடகை ரைஃபிளைத் தூக்கலாம். குறை ஒன்றுதான். பழகாத விசை. முதல் நாள் காலையில் பண்ணைக் குறித்தாளில் ஐந்து தோட்டா சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

பண்ணைக்காரரின் நோட்டுப் புத்தகம்

எந்த ரைஃபிள் வாங்கினாலும் இந்தச் செலவு பொது, ஆனால் சின்ன ரைஃபிளுக்குத்தான் அடிக்கடி விழும். நம் நாட்டில் வேலிக்குள் இருக்கும் மிருகம் பெரும்பாலும் பண்ணைக்காரரின் சொத்து. ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தால் அந்த மிருகத்துக்கு முழு விலை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்திலேயே இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். காயம்பட்ட குடு ஒன்று கைவிட்டுப் போனால், .243-க்கும் .308-க்கும் கடையில் இருந்த விலை வித்தியாசம் எங்கே போனது என்றே தெரியாது. தடம் பார்ப்பவரின் இரண்டாம் நாள் கூலி, தங்கும் அறைக்கு இன்னொரு இரவு, திங்கட்கிழமை வேலைக்குப் போகாத சம்பளம் எல்லாம் அதோடு சேரும்.

பணத்தைத் தாண்டிய கணக்கும் ஒன்று உண்டு. முள்ளுக்குள் எங்கோ ஒரு உயிர் நம்மால் இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று தெரிந்துகொண்டே பண்ணை வீட்டில் பிராய் போட்டு, அதாவது தணலில் கறி சுட்டுச் சாப்பிட உட்கார்ந்த இரவு எனக்கு ஒன்று இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

யாருக்கு எது

கரூ, ஃப்ரீ ஸ்டேட் சமவெளி, நூறு கிலோவுக்குள் மான்: .243, நல்ல குண்டோடு.

முள்காடு, எப்போதாவது குடு, தோள் உதையைத் தாங்காது, ஆனால் பொறுமை உண்டு: 6.5 கிரீட்மூர். தோட்டா நிரப்பத் தெரிந்தால் 7×57.

ஒரே ஒரு ரைஃபிள், எல்லாவற்றுக்கும், நான் அவசரக்காரன் என்று ஒத்துக்கொள்கிறவர்: .308.

எருமை: மேலே விளக்கிய ரைஃபிள் எதுவும் போதாது. .375-இலிருந்து தொடங்குங்கள், கூடவே தொழில்முறை வேட்டைக்காரர் ஒருவரும்.

ஆசிரியர் நண்பர் கடைசியில் .308 வாங்கினார், நாலேகால் கிலோ, சைலன்சரோடு. மைதானத்தில் அவர் மனைவி ஐந்து தோட்டாவையும் தேநீர்த் தட்டு அளவில் போட்டார். அவருடையது சாப்பாட்டுத் தட்டு. அக்கா மகன் .223-ஐயே வைத்துக்கொண்டான். போன வாரம் மறுபடி அழைத்தான்.

"மாமா, வாடகை ரைஃபிளுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் குடு சரியாக நிற்கவே இல்லையென்றால்?"

"இம்பாலா சுடு."

"அதுவும் நிற்கவில்லையென்றால்?"

"வரும்போது ஸ்டாங்கர் கசாப்புக் கடையில் ஆட்டுக்கறி வாங்கிக்கொண்டு வா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்."